பிளக்இன் பிளேயரா, பிரவுசரே ஓட்டும் வீடியோவா? குமுளியிலிருந்து ஓர் ஒப்பீடு

போன மாதம் ஆனவிலாசம் பக்கத்து ஏலக்காய் ஸ்டோர் ஒன்றிலிருந்து போன் வந்தது. பேசியது அங்கே கணக்கு எழுதும் தம்பி. "அண்ணே, புது கம்ப்யூட்டர்ல கேமரா படம் வரமாட்டேங்குது. பிளக்இன் போடுன்னு கேக்குது, போட்டா மறுபடியும் அதையே கேக்குது" என்றார்.

ஏறிப் போய்ப் பார்த்தேன். பத்து வருடத்துக்கு மேல் பழக்கமான டிவிஆர் பெட்டி, கேமரா படத்தைப் பதிவுசெய்து வைப்பது. நாலு கேமராவும் நன்றாக இருக்கின்றன, வயரில் பழுதில்லை, ஹார்ட் டிஸ்க்கில் பதிவும் ஓடிக்கொண்டிருக்கிறது. காய் உலர்த்தும் அறை, மூட்டை அடுக்கும் இடம், வாசல் எல்லாம் பதிவாகிறது. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்க்க வழியில்லை.

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெட்டி படத்தைச் சுருக்கி வைப்பது எச்.264 முறையில். இன்று நம் கையில் இருக்கும் போனும் குரோமும் எட்ஜும் அதே எச்.264ஐ யார் உதவியும் இல்லாமல் ஓட்டும். அப்புறம் என்ன தடை? பெட்டி அந்தப் படத்தைப் பிரவுசருக்குப் புரியும் வழியில் அனுப்புவதில்லை. ஆக்டிவ்எக்ஸ் என்ற பிளக்இன் வகையைத் தன் ஆளாக நடுவில் உட்காரவைத்தால்தான் கொடுப்பேன் என்கிறது. அந்த ஆளை உள்ளே விட்டது இன்டர்நெட் எக்ஸ்புளோரர் மட்டும்தான். அதுவும் 2022 ஜூனில் விடைபெற்றுவிட்டது.

நான் 2006லிருந்து ஒன்பது வருடம் குமுளியில் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். இப்போது ரிப்பேர் வேலை. இரண்டு காலத்தையும் கையால் தொட்டுப் பார்த்தவன் என்பதால் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

இரண்டும் எப்படி வேலை செய்கின்றன

பிளக்இன், அதாவது செருகுநிரல், என்பது ஒரு குத்தகை ஏற்பாடு. வலைப்பக்கத்தில் ஒரு சதுரத்தைக் காலியாக விட்டு, "இந்த இடம் உன்னுடையது, என்ன வேண்டுமானாலும் செய்துகொள்" என்று பிரவுசர் வேறொரு நிரலிடம் கொடுத்துவிடும். உள்ளே நடப்பது பிரவுசருக்குத் தெரியாது. ஃபிளாஷ், சில்வர்லைட், ரியல்பிளேயர், குயிக்டைம் எல்லாம் இந்த வகை.

வலைப்பக்கம் எழுதும் மொழியின் புதிய பதிப்பான எச்.டி.எம்.எல்.5 வந்த பிறகு படத்துக்கு ஒரு குறிச்சொல் இருப்பதுபோல வீடியோவுக்கும் ஒன்று வந்தது. இந்த யோசனையை 2007இல் முன்வைத்தது ஓபரா நிறுவனம். கோப்பை வாங்குவது, விரிப்பது, திரையில் காட்டுவது, நிறுத்து பட்டன் வரைக்கும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். தனியாக எதையும் நிறுவவேண்டாம்.

முதலில் பிளக்இன்னுக்கு உரிய மரியாதை

ஃபிளாஷைத் திட்டுவது இன்றைக்குச் சுலபம். ஆனால் அதற்கு முன்னால் இருந்த நிலைமை தெரிந்தவர்கள் அப்படித் திட்டமாட்டார்கள். ஒரு தளத்துக்கு ரியல்பிளேயர், இன்னொன்றுக்கு விண்டோஸ் மீடியா பிளேயர், மூன்றாவதுக்கு குயிக்டைம். 2000 வாக்கில் தமிழ்த் தளங்களைப் படித்தவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு ஃபாண்ட். அதை இறக்காவிட்டால் பக்கம் முழுக்க ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. வீடியோவும் அதே கதியில்தான் கிடந்தது.

2002இல் ஃபிளாஷ் பிளேயர் 6 வீடியோவை ஓட்டத் தொடங்கியதும் நிலைமை மாறியது. ஒரே கோப்பு எல்லா பிரவுசரிலும் ஒரே மாதிரி ஓடியது. 2005இல் யூடியூப் தொடங்கியபோது அது நின்றது ஃபிளாஷ் மேல்தான். அன்றைக்கு வேறு எதை நம்பியும் அப்படி ஒரு தளத்தைக் கட்டியிருக்க முடியாது.

ஆனால் ஃபாண்ட் கதையோடே சேர்த்துச் சொன்னால், ஃபிளாஷ் என்பது எல்லோரும் நிறுவிக்கொண்ட ஒரே கம்பெனியின் ஃபாண்ட் மாதிரி. பிரவுசருக்குள்ளேயே வந்த வீடியோ, எல்லோருக்கும் பொதுவான யூனிகோட் மாதிரி. இரண்டிலும் எழுத்து தெரியும். முதல் வகையில், அந்தக் கம்பெனி கடையைச் சாத்தினால் உங்கள் எழுத்தும் போய்விடும்.

சுமை யார் தலையில்?

என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய வித்தியாசம் இதுதான்.

2009இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்தார். மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறார், அங்கேயே குடும்பம். பேரன் நடக்க ஆரம்பித்ததை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிட்டு, முகவரியை எனக்கு மெயிலில் அனுப்பியிருந்தார். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் திறந்தேன். படம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறப் பெட்டி, நடுவில் புதிர்த் துண்டு மாதிரி ஒரு சின்னம். ஃபிளாஷ் பழைய பதிப்பாம், புதிது போடவேண்டுமாம்.

அவருக்கு முன்னால் ஒரு சின்னம். அதற்குப் பின்னால் எவ்வளவு வேலை பாருங்கள். வாடிக்கையாளர் கணக்கில் எதையும் நிறுவமுடியாதபடி நான் பூட்டி வைத்திருந்தேன். வெளியேறி, என் கணக்கில் நுழைந்து, கோப்பை இறக்கி, எல்லா ஜன்னலையும் மூடி, நிறுவி, மறுபடி அவர் கணக்குக்கு வரவேண்டும். லைன் நொடிக்கு 256 கிலோபிட்; அதிகபட்சம் நொடிக்கு 32 கிலோபைட். அதையும் ஆறு மெஷின்கள் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை அந்த அம்மா மடியில் இருந்த பையைக் கெட்டியாகப் பிடித்தபடி, தான் ஏதோ தப்பாகத் தொட்டுவிட்டோமோ என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணும் பண்ணலையே தம்பி" என்று இரண்டு தடவை கேட்டார்.

320க்கு 240 புள்ளி அளவில் பேரன் மூன்று அடி நடந்தான், நின்றான், சுற்றும் வட்டம் வந்தது, மறுபடி இரண்டு அடி நடந்தான். லைன் மெதுவாக இருந்ததற்கு ஃபிளாஷைக் குறை சொல்லமுடியாது. ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்குச் சொல்லலாம். வீடியோ பார்க்கவந்தவர் சாஃப்ட்வேர் பதிப்பைப் பற்றிக் கவலைப்படவேண்டிய ஏற்பாடு அது. பிரவுசரே ஓட்டும் முறையில் அந்தக் கவலை பிரவுசர் செய்பவர்களின் தலைக்குப் போய்விட்டது.

சூடும் பேட்டரியும்

பழைய பென்டியம் 4 மெஷினில் ஃபிளாஷ் வீடியோ ஓடினால் ஃபேன் சத்தம் வாசலில் கேட்கும். படத்தை விரிக்கும் வேலையில் பெரும்பகுதியை அது பிராசசரிலேயே செய்தது. கிராபிக்ஸ் சிப்பிடம் வேலையைத் தள்ளிவிடும் வசதி பிற்பாடுதான் வந்தது. இன்றைய பிரவுசர், சிப்பில் வசதி இருந்தால் நேரே அங்கே அனுப்பிவிடுகிறது. போனில் ஒரு சினிமா முழுக்கப் பார்த்தும் பேட்டரி மிச்சமிருக்க இதுவும் காரணம்.

ஐபோனில் 2007இல் முதல் நாளிலிருந்தே ஃபிளாஷ் கிடையாது. 2010 ஏப்ரலில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட கடிதத்தில் பேட்டரியும் பாதுகாப்பும் முக்கியக் காரணங்களாக இருந்தன. 2011 நவம்பரில் ஃபிளாஷின் சொந்தக்காரரான அடோபியே மொபைல் ஃபிளாஷைக் கைவிட்டது.

பாதுகாப்பு

இங்கே போட்டியே இல்லை. என் சென்டரில் மெஷினுக்கு வைரஸ் வந்த வழிகளில் பெரியது, "உங்கள் ஃபிளாஷ் பிளேயர் பழசாகிவிட்டது" என்ற போலி ஜன்னல். உண்மையான அறிவிப்பும் அடிக்கடி வந்ததால் பையன்களுக்கு வித்தியாசம் தெரியாது. அசல் ஃபிளாஷிலும் ஓட்டைகள் ஓயவில்லை. 2015 ஜூலையில், சரிசெய்யப்படாத ஓட்டைகள் வெளியானபோது ஃபயர்பாக்ஸ் அதைத் தற்காலிகமாகத் தடுத்தே வைத்தது.

உள்ளே இருக்கும் வீடியோவுக்கும் ஓட்டை வராமல் இல்லை. அதே 2015இல் ஆண்ட்ராய்டின் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற மீடியா நிரலில் பெரிய ஓட்டை வெளிப்பட்டது. ஆனால் பிரவுசர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வதாலும், வீடியோ விரிக்கும் பகுதியைத் தனிக் கூண்டில் அடைத்து ஓட்டுவதாலும் சேதம் குறைகிறது.

பள்ளிக்கூட லேப் சொன்ன பாடம்

கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பிற்பாடு பள்ளிக் கம்ப்யூட்டர்களை விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு மாற்றியது. இடுக்கியில் இருக்கும் தமிழ் மீடியம் பள்ளிகளிலும் அதேதான். ஒரு பள்ளியின் லேப்பை நான் அவ்வப்போது போய்ப் பார்த்துக்கொடுப்பேன். பிளக்இன்னின் உண்மையான பலவீனம் எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஃபிளாஷ் "எல்லா இடத்திலும் ஓடும்" என்பது விண்டோஸ்காரர்கள் சொன்னது. லினக்ஸில் அது எப்போதும் பின்பெஞ்சு மாணவன். மூல நிரல் அடோபியிடம் மட்டும் இருந்ததால் வேறு யாரும் அதைத் திருத்தமுடியாது. 2012இல், 11.2 பதிப்போடு லினக்ஸ் ஃபயர்பாக்ஸுக்குப் புதிய பதிப்பு கிடையாது, இனி குரோமுக்குள் மட்டும்தான் என்று அடோபி சொல்லிவிட்டது. 2016இல் மனம் மாறித் திரும்ப வந்தது. அதற்குள் தேவையே வடிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அறிவியல் வீடியோ ஓடாதபோதெல்லாம் டீச்சர் எனக்குத்தான் போன் போடுவார்.

2009 ஜூனில் வந்த ஃபயர்பாக்ஸ் 3.5 பிளக்இன் இல்லாமல் வீடியோ ஓட்டியதை அந்த லேப்பில் முதன்முதலாகப் பார்த்தேன். எதையும் நிறுவவில்லை, கேட்கவில்லை, ஓடியது. பக்கத்தில் நின்ற டீச்சர், "இது ஏன் எல்லாத்துக்கும் இப்படி வரமாட்டேங்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்த ஃபயர்பாக்ஸ் ஓட்டியது தியோரா என்ற காப்புரிமைக் கட்டணம் இல்லாத முறையை. ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் எச்.264 பக்கம். அதற்குக் கட்டணம் உண்டு என்பதால் ஃபயர்பாக்ஸைச் செய்யும் மோசில்லா மறுத்தது. கூகுள் 2010 மேயில் விபி8 என்ற சுருக்கும் முறையை, வெப்எம் என்ற கோப்பு வடிவத்தோடு இலவசமாக வெளியிட்டது. ஆக, ஒரே வீடியோவை இரண்டு மூன்று வகையில் வைத்தால்தான் எல்லோருக்கும் ஓடும் என்று ஆனது. அந்த நாலைந்து வருடமும் ஃபிளாஷ் உயிரோடு இருந்ததற்கு இந்தச் சண்டை ஒரு முக்கியக் காரணம் என்பேன். கடைசியில் மோசில்லா இறங்கிவந்து, ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கும் எச்.264 வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. 2015 ஜனவரியில் யூடியூப் எச்.டி.எம்.எல்.5 பிளேயரையே இயல்பாக்கியது. டீச்சரிடமிருந்து வந்த போன்கள் அதற்குப் பிறகு நின்றுபோயின.

2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் ஃபர்ஸ்ட் பெல் ஆன்லைன் வகுப்புகள் தொடங்கியபோது எஸ்டேட் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி உட்கார்ந்தார்கள். அந்தக் கஷ்டம் பெரிய கஷ்டம். ஆனால் சிக்னல் கிடைத்த இடத்தில், அப்பாவின் சாதாரண ஸ்மார்ட்போனில் தமிழ் மீடியம் பாடம் எந்தக் கேள்வியும் இல்லாமல் ஓடியது. பிளக்இன் காலமாக இருந்திருந்தால் அந்த போன்களில் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் பெட்டிதான் தெரிந்திருக்கும்.

தமிழ் எழுத்து

வசன வரிகள் விஷயத்தில் பழைய ஃபிளாஷ் தமிழுக்கு உதவவில்லை. எழுத்துருவை உள்ளே பொதித்துச் செய்த பழைய கோப்புகளில் யூனிகோட் தமிழைப் போட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொடு" என்பதைப் படிக்கவே முடியாது. பிரவுசரில் வசன வரி தனி எழுத்துக் கோப்பு. செய்தியைக் காட்டும் அதே இயந்திரம்தான் அதையும் காட்டுகிறது. எழுத்து ஒழுங்காக வருகிறது.

பிளக்இன் எடுத்துக்கொண்டு போனது

வீடியோவை மட்டும் பார்த்தால் தீர்ப்பு தெளிவு. ஆனால் ஃபிளாஷ் வீடியோ மட்டும் அல்ல. தொட்டால் எழுத்து வரையும், தவறாக இழுத்தால் திரும்பி ஓடும் பாடங்களும் அதில்தான் இருந்தன. அந்தப் பள்ளியில் ஒரு டீச்சர் அப்படிப்பட்ட தமிழ்ப் பாடங்கள் அடங்கிய சிடியைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார். 2020 டிசம்பர் 31இல் ஃபிளாஷ் முடிந்தது. 2021 ஜனவரி 12இலிருந்து பிளேயரே ஓட மறுத்தது. சிடியும் ஊமையாகிவிட்டது. ரஃபிள் என்ற திறந்த நிரல் ஃபிளாஷை நடித்துக் காட்டுகிறது; அதில் போட்டுப் பார்த்தபோது பெரும்பாலான பாடங்கள் எழுந்து நின்றன, இரண்டு மட்டும் பாதியில் நின்றுவிட்டன. அந்த இரண்டும் எனக்கு இன்னும் மனதில் உறுத்துகின்றன.

கட்டணப் படங்களைக் காப்பி எடுக்காமல் தடுக்கும் பூட்டு வேறு விஷயம். நெட்ஃபிளிக்ஸ் சில்வர்லைட்டை விட்டுவிட்டது. ஆனால் பூட்டைத் திறக்கும் மூடிய நிரல் ஒன்று பிரவுசரோடு வருகிறது. 2017 செப்டம்பரில் அதற்கான தரத்தை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஏற்றபோது, இணைய உரிமைகளுக்காகப் போராடும் மின்னணு எல்லை அறக்கட்டளை (இஎஃப்எஃப்) எதிர்த்து அதிலிருந்து வெளியேறியது. எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

உங்களிடம் பழைய எஃப்எல்வி (ஃபிளாஷ் வீடியோ) கோப்புகள் இருந்தால் இப்போதே எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச நிரலை வைத்து எம்பி4 ஆக்கிவிடுங்கள். உள்ளே எச்.264 இருந்தால் தரம் குறையாமல் உறையை மட்டும் மாற்றலாம். அதற்கு முந்திய வகை என்றால் புதிதாகச் சுருக்கத்தான் வேண்டும். அப்படிச் செய்தால் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். கேமரா பெட்டி வாங்குகிறவர்கள் கடையிலேயே குரோமில் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிளக்இன் கேட்டால் வேறு பெட்டி பாருங்கள்.

ஸ்டோரில் என்ன செய்தேன் என்றால், எட்ஜில் இருக்கும், பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் போலவே நடக்கும் ஐஇ மோடைத் திறந்து அந்தப் பெட்டியின் முகவரியை மட்டும் சேர்த்தேன். குறைந்தது 2029 வரை அது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. பெட்டிக்கு வெளி இணையத்தை அடைத்துவிட்டேன். படம் வந்தது. நாலு கட்டத்திலும் ஆள் நடமாட்டம் தெரிந்ததும் தம்பிக்கு முகம் மலர்ந்தது. அப்படிச் சேர்த்த முகவரி 30 நாளில் காலாவதியாகும், மறுபடி சேர்க்கவேண்டும் என்று சொல்லி, எப்படிச் சேர்ப்பது என்று ஒரு தாளில் படிப்படியாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். நேற்று போன் வந்தது. "அண்ணே, அந்தத் தாளைப் பாத்து நானே போட்டுட்டேன். ஆனா மொதலாளி கேக்குறாரு, இத மாசா மாசம் போடணுமான்னு." புதுப் பெட்டியின் விலையைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.