எஸ்எச்ஏ-256: பொருந்தாது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது

மன்னார்குடியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நண்பர் கேட்டிருந்தார்: நாலு பென்டிரைவில் ஒரே பெயரில் டெப் ஃபைல் (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸில் மென்பொருள் ஏற்றும் பேக்கேஜ்) இருக்கிறது, எதை நம்பி ஏற்றுவது? பெயரை விடுங்கள், எஸ்எச்ஏ-256 ஹேஷைப் பாருங்கள், அதாவது ஃபைலின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டை. நெட் சரியாக வராத கணினிகளுக்கு வருடக்கணக்காக இதை வைத்துத்தான் பேக்கேஜ் ஏற்றுகிறேன். பிரவுசர் பெயருக்குப் பின்னால் (1) என்று ஒட்டினாலும், யாராவது பெயரையே மாற்றினாலும், உள்ளே அதே பைட்டுகள் என்றால் அதே 64 எழுத்துதான் வரும். அந்தச் சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

தீராத எரிச்சலும் ஒன்று உண்டு. இருக்க வேண்டிய ஹேஷோடு பொருந்தவில்லை என்று சொல்வதோடு சரி. நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எவ்வளவு தாண்டியது என்று மீட்டராவது காட்டும், காயவைத்துக் கொண்டுபோகலாம். இங்கே ஒரு பிட் மாறினாலும் பாதி ஃபைல் காணாமல் போனாலும் ஹேஷ் முழுக்க வேறாகிவிடும். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

அதனால் முதலில் சைஸைப் பாருங்கள். நெட் உள்ள லினக்ஸ் கணினியில் ‘ஏபிடி-கேஷ் ஷோ’ கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் அதற்கு இருக்க வேண்டிய வெர்ஷன், சைஸ், எஸ்எச்ஏ-256 மூன்றும் வரும். சைஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கும், அல்லது எஜெக்ட் செய்யாமல் பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள். சில கேபிதான் என்றால் டெப்புக்குப் பதில் வைஃபை லாகின் பக்கம் இறங்கியிருக்கலாம். நோட்பேடில் திறந்தாலே தெரியும். சைஸ் சரி, ஹேஷ் வேறு என்றால் பென்டிரைவைக் கழற்றி மாட்டி மறுபடி ஹேஷ் எடுங்கள். விடை மாறினால் டிரைவிலோ ராமிலோ கோளாறு. சோர்ஸ் கோடிலிருந்து யாராவது மறுபடி பில்ட் செய்த பேக்கேஜ் என்றால், வெர்ஷன் ஒன்றாக இருந்தும் ஹேஷ் மாறலாம். பில்ட் செய்த நேரம் உள்ளே பதிவதே அதற்குப் போதும்.

விண்டோஸில் ‘சர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்’ கட்டளையின் கடைசியில் எஸ்எச்ஏ256 என்று போட மறந்தால் பழைய முறையான எஸ்எச்ஏ-1 ஹேஷ் வரும், 40 எழுத்து. அதைப் பார்த்து நல்ல ஃபைலை அழித்துவிடாதீர்கள். எஸ்எச்ஏ-1 மட்டும் உள்ள பட்டியலையும் நம்ப வேண்டாம். ஒரே ஹேஷ் தரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப்களை 2017-லேயே உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

இருக்கிற கோபத்துக்கு ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன். ஆனால் இதைப் பார்க்காமல் ஒரு டெப்பைக்கூட ஏற்ற மாட்டேன்.

நண்பருக்கு ஒன்று: நாலில் மூன்று ஒரே ஹேஷ் காட்டினால் மூன்றும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே கெட்ட காப்பியிலிருந்து மூன்றும் போயிருக்கலாம். ஏபிடி காட்டும் வரியோடு எது ஒத்துப்போகிறதோ, அதை மட்டும் ஏற்றுங்கள்.