காரைக்குடியில் பழைய கார்டு வாங்கப் போகிறீர்களா? திருப்பிப் பாருங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வருகிறவர்கள் மரத்தூண், எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம் என்று தேடி வருவார்கள். நான் போவது பழைய படத் தபால் கார்டுக்கு. பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடை அது. வாசலை அடைத்துக்கொண்டு பித்தளை அண்டாக்கள், உள்ளே தலையில் இடிக்கிற உயரத்தில் லாந்தர்கள். எல்லாம் தாண்டிப் போனால் கல்லாவுக்குப் பக்கத்தில் வரிசையாகச் செருப்பு டப்பாக்கள். பழைய படக் கார்டுகள் அதற்குள்தான். கடைக்காரரை எல்லோரும் பாய் என்பார்கள். அவர் என்னை டீச்சர் என்பார். பேரம் பேசும்போது மட்டும் "என்னங்க டீச்சர், நீங்களே இப்படிக் கேட்டா எப்படி" என்று குரலில் ஒரு வருத்தம் ஏறும். பொய் வருத்தம்தான், ஆனால் வேலை செய்யும்.

டப்பாக்களின் மேல் மார்க்கர் பேனாவில் ரங்கூன், மலேயா, கொழும்பு, இதரம் என்று எழுதியிருக்கிறார். இந்தப் பக்கத்துக் கடைக்கு இதைவிடச் சரியான பிரிவு இல்லை. அங்கேயிருந்த செட்டியார் வட்டிக்கடைகளில் வேலை பார்க்க, மூன்று வருஷக் கணக்குக்கு என்று கப்பலேறிய மேலாளும் (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளும் (அவருக்கு அடுத்தவர்) பெட்டியடிப் பையனும் (எடுபிடிப் பையன்) ஊருக்கு எழுதிப் போட்ட கார்டுகள் இவை. வீட்டில் பங்கு பிரிக்கும்போது கதவும் தூணும் முதலில் விலைபோகும். பெட்டகத்தில் கிடக்கும் காகிதம் கடைசியில் எடைக்குப் போகும். பாய் அதை எடைக்கு வாங்கி, உட்கார்ந்து பிரிக்கிறார். அந்தப் பொறுமைக்காகவே இந்தக் கடையைச் சிபாரிசு செய்வேன்.

விலையைப் படத்தை வைத்துத்தான் போடுகிறார். ரங்கூன் ஷ்வேடகோன் பகோடா (புத்த கோபுரம்) படம் 150 ரூபாய் என்று ஆரம்பிக்கும். அது ஏராளமாக அச்சான படம், அதற்குமேல் கொடுக்காதீர்கள். கடைத்தெரு, துறைமுகம், ரிக்‌ஷாக்காரர், நெல் மூட்டை ஏற்றுகிறவர்கள் என்று ஆட்கள் தெரிகிற படமென்றால் 400, 500. 'ரஜூலா' கப்பல் படம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள். 1926இல் கட்டிய கப்பல் அது, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடியது. அதில் போய்வந்த தாத்தா இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு, அதனால் விற்பதும் சுலபம். ரங்கூன் டப்பாவில் அகுஜா, கிளியர் என்ற பெயர்கள் அச்சான கார்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு பேருமே ரங்கூனில் படத்தொழில் செய்தவர்கள். கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொழும்பென்றால் பிளாத்தே கம்பெனி.

ஆனால் படத்துக்கு விலை போடுகிற இந்தக் கடையில் லாபம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பாய் பின்பக்கத்தைப் படிப்பதில்லை. சென்னையிலிருந்து வருகிற வியாபாரிகளும் எழுதாத சுத்தமான கார்டாகப் பார்த்துத்தான் பொறுக்குவார்கள். தமிழில் நுணுக்கி எழுதிய கார்டு என்றால் 'அழுக்கு' என்று ஒதுக்கி 'இதரம்' டப்பாவில் போய்விடும். நான் முதலில் கை வைப்பது அங்கேதான்.

போன கோடையில் அதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். முன்பக்கம் பர்மாவில் பெகு ஊரின் ஷ்வேமாடோ பகோடா. படம் வெளுத்து, ஒரு மூலை மடிந்து, பார்க்கச் சுமார்தான். 80 ரூபாய் போட்டிருந்தார். திருப்பினால் மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். அப்புறம் பிரமோதூத வருஷம் வைகாசி மாதம் என்று தேதி. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட பச்சை அரையணா ஸ்டாம்ப். பிரமோதூத என்றால் 1930. அந்த மே 5ஆம் தேதி பெகுவில் பெரிய பூகம்பம். கார்டில் நாலே வரி: இவ்விடம் அனைவரும் க்ஷேமம், பூமி அதிர்ச்சியில் நம் கடைக்குச் சேதமில்லை, கணக்குப் பெட்டி பத்திரம், இந்தப் படத்திலுள்ள கோபுரம் விழுந்துவிட்டது. ஊரில் நிற்காத கோபுரத்தின் படத்தைக் கடையில் இன்னும் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அதிலேயே அது விழுந்த சேதியையும் கார்டு போட்டவர் எழுதியிருக்கிறார். கடைசி வரியில் ஆச்சி கேட்ட மருந்தை அடுத்த கப்பலில் கொடுத்துவிடுவதாக ஒரு வாக்கு. 80 ரூபாயை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன். பாய்க்கே சந்தேகம் வந்து, "என்ன டீச்சர், பேரமே பேசல?" என்றார். இதை மட்டும் விற்கப் போவதில்லை.

இப்படித் தேதி படிக்கப் பழகினால் போட்ட காசு திரும்பி வந்துவிடும். ரங்கூன் முத்திரை விழுந்த கார்டில் வெறும் இந்திய ஸ்டாம்ப் இருந்தால் அது 1937 ஏப்ரலுக்கு முன்னால் போட்டது. பர்மாவைத் தனியாகப் பிரித்த பிறகு அதே ஸ்டாம்ப்பின் மேல் பர்மா என்று அச்சடித்து விற்றார்கள், அடுத்த வருஷம் தனி ஸ்டாம்ப்பே வந்துவிட்டது. பினாங்கு மலை ரயில் தெரிகிற படமென்றால் 1923க்கு முந்தையதாக இருக்க வழியில்லை, ரயில் திறந்ததே அந்த வருஷம்தான்.

இங்கேதான் கடைமேல் எனக்குக் கோபம். ஸ்டாம்ப் சேர்க்கிறவர்களுக்குத் தனியாக விற்கலாம் என்று பல கார்டுகளில் ஸ்டாம்ப்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்திருக்கிறார்கள். மை கலைந்து, மூலையில் ஒரு வெள்ளைச் சதுரம். அரையணா ஸ்டாம்ப் சாதாரணச் சரக்கு, தனியாக எடுத்தால் பெரிய காசில்லை. கார்டிலேயே முத்திரையோடு இருந்தால்தான் அதற்கு மரியாதை. இரண்டாவது, விலையைப் பால்பாயிண்ட் பேனாவால் பின்பக்கத்திலேயே அழுத்தி எழுதுகிறார். முன்பக்கம் வரை தழும்பு தெரியும். பென்சிலால் எழுதுங்கள் பாய் என்று ஒரு டஜன் பென்சிலே வாங்கிக் கொடுத்துவிட்டேன். பென்சில் கல்லாவில் இருக்கிறது, எழுதுவது பேனாவில்தான்.

சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் 'செட்டிநாட்டு அரண்மனை 1910' வகையறாக்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்காமல் வாங்க வேண்டாம். புதுப்பதிப்பா என்று பாயிடம் கேட்டால் மறைக்க மாட்டார். கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார். பழைய கார்டு அநேகமாக ஐந்தரைக்கு மூன்றரை அங்குலம், புதுப்பதிப்புகள் ஆறுக்கு நாலு. கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதத்தை வெளுப்பாகக் காட்டுகிற ரசாயனம் 1950 வாக்கில்தான் பரவலானது, அது கலந்த தாள் டார்ச் அடித்தால் நீலமாகப் பளீரென்று ஒளிரும். 1910 கார்டு ஒளிர்ந்தால் மரியாதையாகத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிடுங்கள். நிஜப் புகைப்படக் கார்டென்று சொல்லி விலை கூட்டினால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு.

நான் விற்பது கொஞ்சம்தான், வாங்குகிற காசு வீட்டுச் செலவில் கை வைக்காமல் இருப்பதற்காக. இரண்டு பக்கத்தையும் படமெடுத்துப் போடுவேன், மடிப்பு, ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை எதையும் மறைப்பதில்லை. பேரும் வீட்டு விலாசமும் உள்ள இடத்தைப் படத்தில் மறைத்துவிடுவேன், அந்தக் குடும்பங்கள் பலவும் இன்னும் பக்கத்து ஊர்களிலேயே இருக்கின்றன. வாங்குகிறவர்களில் கோலாலம்பூர், பினாங்குக்காரர்களின் பிள்ளைகள் உண்டு. அவர்கள் ஊருக்கு வரும்போது நேரில் வாங்கிக்கொள்வார்கள். தாத்தா கையெழுத்து மாதிரி இருக்கிறதே என்று ஒருவர் கேட்டால் நான் விலையைக் குறைத்துவிடுவேன், வியாபாரத்துக்கு லாயக்கில்லாத குணம்.

கடை காலை பத்தரைக்குமேல் திறக்கும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் பூட்டினால் மூன்றரைக்குத்தான் மறுபடி திறப்பார். ஞாயிற்றுக்கிழமை சுற்றுலா வண்டிகள் வந்து நிற்கும், அன்றைக்கு எல்லா விலையும் ஒரு படி ஏறியிருக்கும், செவ்வாய் புதன் போவது நல்லது. போனில் பணம் போடலாம். வாங்கிய கார்டைத் தினத்தாளில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுப்பார், அதனால் கெட்டியான அட்டை இரண்டும் கண்ணாடி கவரும் நீங்களே கொண்டு போங்கள். பிவிசி கவர் வேண்டாம், நாளாக நாளாகப் படத்தில் ஒட்டிக்கொள்ளும். பாலிப்ராப்பிலீன் என்று கேட்டு வாங்குங்கள். தேவகோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு கொழும்புக் கட்டு இன்னும் நூல் பிரிக்காமல் அலமாரிக்கு மேலே கிடக்கிறது. கேட்டால் எடுத்துத் தருவார், ஏணியை மட்டும் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும்.