காட்டு மானா, உப்பிட்ட ஹாமா: ஊட்டச்சத்தில் எது மேல்?

தெற்கு ஜெர்மனியின் இறைச்சிக் கடைகளில், இலையுதிர் காலத்து வேட்டைப் பருவத்தில், மான் தொடையும் காட்டுப்பன்றித் துண்டும் ஒரு பக்கம் இருக்க, உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி வகைகளான பிளாக் ஃபாரஸ்ட் ஹாமும் பேக்கனும் மறுபக்கம் அடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம் என்பதால், இவற்றுள் எது உடலுக்கு நல்லது என்ற கேள்வி அங்கே வாழ்பவர்களுக்கே நடைமுறையில் எழுகிறது. மான் என்பதே எளிய பதில். அது பெரும்பாலும் சரியானதும்கூட. ஆனால் எவ்வளவு தூரம் சரி என்பது, அந்த மான் எப்படி வேட்டையாடப்பட்டது, எப்படிச் சமைக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

முதலில் 100 கிராம் கணக்கைப் பார்ப்போம். அடுப்பில் வாட்டிய மான் இறைச்சியில் ஏறக்குறைய 30 கிராம் புரதமும் 3 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. கிடைக்கும் ஆற்றல் சுமார் 160 கலோரி. வறுத்த பேக்கனிலோ புரதம் 35 கிராம் வரை வருகிறது. இதை மட்டும் பார்த்தால் பேக்கன் வென்றுவிட்டதாகவே தோன்றும். உண்மையில் வறுக்கும்போது நீர் வெளியேறிவிடுவதால் எஞ்சிய அனைத்தும் செறிவடைகின்றன. புரதத்துடன் கொழுப்பு 35 கிராமுக்கு மேலும், ஆற்றல் 500 கலோரியை ஒட்டியும் ஏறிவிடுகின்றன. அதாவது, ஒரே அளவு புரதத்தைப் பெற பேக்கன் உண்பவர் மான் உண்பவரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கலோரியை ஏற்கவேண்டியிருக்கிறது. மாதக்கணக்கில் தொங்கவிட்டு உலர்த்தும் இத்தாலியின் பார்மா ஹாமும் எடையில் கால்பங்குக்கு மேல் இழப்பதால், அதன் அட்டவணையையும் இதே எச்சரிக்கையுடன்தான் படிக்கவேண்டும்.

இரும்புச்சத்தில் போட்டியே இல்லை. வாட்டிய மானில் 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்க, ஹாமில் ஏறக்குறைய 1 மில்லிகிராம்தான் இருக்கிறது. ஓடித்திரியும் விலங்கின் தசை ஆக்சிஜனைத் தேக்கிவைக்க மயோகுளோபின் என்னும் இரும்பு கொண்ட புரதத்தை மிகுதியாகக் கொண்டிருப்பதே இதற்குக் காரணம். மான் இறைச்சியின் கருஞ்சிவப்பும் அதனால் வருவதே. பன்றிக்கும் ஓர் உண்மையான சிறப்பு உண்டு. தயமின் என்னும் பி1 வைட்டமின் மற்ற இறைச்சிகளைவிடப் பன்றியில் மிகுதி. உப்பிட்டுப் பதப்படுத்திய பின்னும் அதில் கணிசமான பங்கு எஞ்சுகிறது. பன்றிக் கொழுப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு, ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலியிக் அமிலம் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அசைபோடும் மானின் கொழுப்பில் நிறைவுற்ற பங்கு குறைவன்று. மொத்தக் கொழுப்பே மிகச் சிறிதென்பதால் அது பொருட்டாவதில்லை.

ஹாமின் பெரும் பலவீனம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உண்ணச் சொல்லும் நிலையில், இறைச்சியைப் பதப்படுத்தச் சேர்க்கும் நைட்ரைட் என்னும் வேதிப்பொருள் இல்லாமல் உப்பை மட்டுமே கொண்டு செய்யப்படும் பார்மா ஹாமிலேயே 100 கிராமுக்கு 4 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ரொட்டியின் மேல் வைக்கும் 30 கிராம் துண்டுகளே அன்றைய வரம்பில் கால்பங்கைத் தின்றுவிடுகின்றன. மானில் இயல்பாக உள்ள சோடியம் இதன் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்கதே அன்று.

2015 அக்டோபரில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதரில் புற்றுநோய் உண்டாக்குபவை என்னும் முதல் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவருக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அதன் மதிப்பீடு. இது ஏற்கெனவே உள்ள வாய்ப்பின் மேல் கூடும் விழுக்காடே தவிர, நூற்றில் பதினெட்டுப் பேருக்கு நோய் வரும் என்பதன்று. உப்பிடுதலும் புகையூட்டலும் அந்த வரையறைக்குள் அடங்குவதால், நைட்ரைட் இல்லை என்ற வாசகம் ஒரு ஹாமை அதிலிருந்து விடுவிப்பதில்லை. பாலூட்டிகளின் தசை என்ற அளவில் மானும் சிவப்பு இறைச்சியே. ஆயினும் அந்த வகை ஒரு படி கீழே, 'அநேகமாக உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் இருக்கிறது.

காட்டு இறைச்சிக்கும் ஹாமில் இல்லாத சில சிக்கல்கள் உண்டு. அதை விற்பவர்கள் இவற்றை உரக்கச் சொல்வதில்லை. ஈயத் தோட்டா எலும்பில் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகச் சிதறி, காயத்தைச் சுற்றி வெட்டி எறிந்த பின்னும் தசையில் தங்கிவிடுகிறது. கருவுற்ற பெண்களும், கருத்தரிக்க விரும்புவோரும், சிறு குழந்தைகளும் அவ்வாறு சுடப்பட்ட இறைச்சியைத் தவிர்க்கவேண்டும் என்று ஜெர்மனியின் கூட்டரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் அறிவுறுத்துகிறது. இரும்புச்சத்து மிகவும் தேவைப்படும் அவர்களுக்கே இந்தத் தடை என்பதுதான் கொடுமை. பவேரியக் காட்டுப்பன்றிகளில் 1986 செர்னோபில் அணு உலை விபத்தின் கதிரியக்கச் சீசியம் இன்றும் தென்படுகிறது. மண்ணுக்கடியில் விளையும் ஒருவகைக் காளானை அவை தோண்டித் தின்பதே காரணம். கதிரியக்கம் கிலோவுக்கு 600 பெக்கரல் என்ற அளவைத் தாண்டினால் விற்பனைக்கு அனுமதி இல்லை. ஒட்டுண்ணிப் புழுவுக்கான சோதனையும் காட்டுப்பன்றிக்குக் கட்டாயம். மானில் இவ்விரு தொல்லைகளும் குறைவு என்பதால், காட்டு இறைச்சிக்குள்ளேயே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் மானைத்தான் சொல்வேன்.

இவ்வளவு நன்மையும் சமையலறையில் கரைந்துபோவதுண்டு. கொழுப்பற்ற மான் முதுகுத்தசை சூட்டில் உலர்ந்துவிடும் என்பதால், நீண்ட ஊசியால் பேக்கன் கீற்றுகளை அதற்குள் செருகி வாட்டுவது ஜெர்மானியச் சமையலின் பழைய வழக்கம். போட்டியாளர் இருவரும் ஒரே தட்டுக்கு வந்துவிடுகின்றனர். கடையில் விற்கும் மான் சலாமியிலும் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பும் உப்பும் நைட்ரைட்டும் கலந்திருக்கும் என்பதால், ஊட்டச்சத்தைப் பொறுத்தவரை அது ஹாமின் அணியையே சேரும். மானின் நன்மை முழுமையாக வேண்டுமெனில், முதுகுத்தசையை விட்டுவிட்டுத் தோள் பகுதியை வாங்கி, வெங்காயமும் ஜூனிப்பர் காய்களும் சேர்த்து, மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைக்கலாம். அதற்குப் பேக்கன் தேவைப்படாது.