ஒரே கேபிளில் முழு மேசையும்: டெல் யு2723கியூஇ மானிட்டர்

டெல் அல்ட்ராஷார்ப் யு2723கியூஇ, 2022-இல் வந்த 27 அங்குல 4கே மானிட்டர். லேப்டாப்பில் நாள் முழுக்க வேலை பார்ப்பவர்கள் இதைத் தேடி வாங்குவது பெரும்பாலும் பின்னால் இருக்கும் யுஎஸ்பி-சி போர்ட்டுக்காகத்தான். படம், 90 வாட் சார்ஜிங், கீபோர்டு, மவுஸ், லேன் (கம்பிவழி நெட்வொர்க்) எல்லாம் அந்த ஒரு கேபிளிலேயே போய்விடும். ஆனால் செருகியதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடாது. ஒரு மெனுவைக் கவனிக்காமல் விட்டால், இவ்வளவு விலை கொடுத்தும் நொடிக்கு 60 முறைக்குப் பதில் 30 முறை மட்டும் மாறும் 30 ஹெர்ட்ஸ் படம்தான் கிடைக்கக்கூடும்.

முதலில் லேப்டாப்பைப் பாருங்கள். எல்லா யுஎஸ்பி-சி போர்ட்டும் படம் அனுப்பாது. போர்ட் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் மாடலின் விவரப் பட்டியலில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' (யுஎஸ்பி-சி வழியே படம் அனுப்பும் வசதி) இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்தது கேபிள். போனோடு வரும் சி-டு-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0 வகை. படத்தைக் கொண்டுபோகும் அதிவேகக் கம்பிகள் அதற்குள் இல்லை. சார்ஜ் ஏறும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். மானிட்டரோடு தரும் 1 மீட்டர் கேபிளையே போடுங்கள்.

இனி அந்த மெனு. மானிட்டர் அமைப்பில் 'யுஎஸ்பி-சி பிரயாரிட்டைசேஷன்' என்று ஒன்று இருக்கும். போர்ட்டில் உள்ள நான்கு அதிவேகத் தடங்களை எப்படிப் பங்கிடுவது என்பதை அதுதான் முடிவு செய்கிறது. 'ஹை டேட்டா ஸ்பீடு' வைத்தால் படத்துக்கு இரண்டு, யுஎஸ்பிக்கு இரண்டு. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்புக்கு 4கே 60 ஹெர்ட்ஸ் அனுப்ப இரண்டு தடமே போதும். 1.2 மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால் 30-க்கு இறங்கிவிடும். மவுஸ் அம்புக்குறி விட்டு விட்டு நகர்வதிலேயே தெரியும். அப்போது 'ஹை ரெசல்யூஷன்' என்று மாற்றுங்கள், நான்கு தடமும் படத்துக்குப் போகும். பதிலுக்கு மானிட்டரின் யுஎஸ்பி ஹப், அதாவது மற்ற சாதனங்களைச் செருகும் போர்ட்டுகள், யுஎஸ்பி 2.0 வேகத்துக்கு இறங்கும். ஹார்டு டிஸ்க் மந்தமாகும், ஹப் வழியே வரும் கிகாபிட் லேனும் முழு வேகத்தில் ஓடாது. எச்டிஎம்ஐயில் இணைத்தாலும் இதே கவனம் தேவை: லேப்டாப்பில் இருப்பது எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது.

விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு பி அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே போய், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 60 ஹெர்ட்ஸ் இருக்கிறதா பாருங்கள். ஸ்கேல் 150% வைத்தால் எழுத்து கண்ணை உறுத்தாது. அங்கே தெரியும் 1, 2 பெட்டிகளை மேசையில் திரைகள் இருக்கிற மாதிரியே நகர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் மவுஸ் ஓரத்தில் முட்டி நிற்கும். லேப்டாப்பை மூடி வைத்து வேலை செய்வதென்றால் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடும்போது 'டு நத்திங்' என்று மாற்றிவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்த மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட் அவுட் வழியாக இரண்டாவது மானிட்டரைத் தொடுப்பது விண்டோஸில் நடக்கும். ஒரே கேபிளில் பல திரைகளுக்குத் தனித்தனிப் படம் அனுப்பும் அந்த எம்எஸ்டி முறையை மேக்ஓஎஸ் ஏற்பதில்லை, இரண்டிலும் ஒரே படம்தான் வரும். எம்1, எம்2 மேக்புக் ஏர் வெளித்திரை ஒன்றைத்தான் தாங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

திரை அருமை. இதிலுள்ள 'ஐபிஎஸ் பிளாக்' வகைப் பேனலின் கான்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) 2000:1, வழக்கமான ஐபிஎஸ் பேனலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கறுப்புப் பின்னணியில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரியும். ஸ்டாண்டை உயர்த்தலாம், திருப்பலாம், செங்குத்தாகவும் நிறுத்தலாம். ஸ்பீக்கர் கிடையாது, லேப்டாப்பின் ஸ்பீக்கர் போதாதென்றால் ஹெட்போனோ தனி ஸ்பீக்கரோ வாங்க வேண்டும். 140 வாட் சார்ஜரோடு வரும் 16 அங்குல மேக்புக் ப்ரோவில் கனமான வேலை ஓடினால் 90 வாட் போதாமல் பேட்டரி மெல்ல இறங்கலாம்.

எழுத்து, புரோகிராமிங், கணக்கு வேலைக்குத் தயங்காமல் வாங்கலாம். கேம் விளையாட இது வேண்டாம், 60 ஹெர்ட்ஸ் போதாது. 120 ஹெர்ட்ஸும் 140 வாட்டும் தேவைப்படுபவர்கள் 2025-இல் வந்த யு2725கியூஇயைப் பாருங்கள். அதில் தண்டர்போல்ட் 4-ம் உண்டு.