மலையகக் கடைகளில் கிடைக்கும் ஆங்கிலம்–தமிழ் அகராதி: எதை வாங்கலாம்?

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் புத்தகக் கடைகளில் இரண்டு வகை ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் கிடைக்கின்றன. ஒன்று சட்டைப்பையில் அடங்குவது. மற்றது கொஞ்சம் தடித்த, எடுத்துக்காட்டு வாக்கியங்களுடன் வரும் மாணவர் அகராதி. விலையைப் பார்த்துச் சிறியதை எடுப்பவர்களே அதிகம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்குச் சிறியது போதாது.

சிறியதில் ஆயிரக்கணக்கான சொற்கள் உண்டு. ஆனால் பல சொற்களுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். 'பொரோ', 'லெண்ட்' இரண்டுக்கும் வெறுமனே 'கடன்' என்று இருந்தால், வாங்குவது எது, கொடுப்பது எது என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? 'டிஸ்கஸ்' என்பதற்கு 'பற்றி விவாதி' என்று போட்டிருந்தால், அந்தப் 'பற்றி'யை 'அபவுட்' ஆக்கி 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதும். பரீட்சையில் அது பிழை. கீழே ஒரு வாக்கியம் இருந்தால் அந்தப் பிழை வராது.

வாங்குவதற்கு முன் கடையிலேயே 'ப்ரூன்' என்ற சொல்லைப் புரட்டிப் பாருங்கள். பெயர்ச்சொல்லாக வந்தால் உலர்ந்த ப்ளம் பழம்; வினையாக வந்தால் தேயிலையில் நாம் செய்யும் கவ்வாத்து, அதாவது செடியை வெட்டிவிடுவது. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் அகராதியை நம்பி வாங்கலாம். அடுத்து 'ஃப்ளஷ்'. முகம் சிவப்பது, கழிவறையில் தண்ணீர் அடிப்பது, தேயிலை புதுக்கொழுந்து விடுவது என்று மூன்றும் இருந்தால் அது அக்கறையோடு தொகுக்கப்பட்டது.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் மட்டும் தரும் பதிப்பை எடுக்க வேண்டாம். 'வெஸ்ட்' என்று எழுதினால் அது மேற்கா, உள்சட்டையா? 'ரைஸ்' என்றால் சோறா, எழும்புவதா? சர்வதேச ஒலிக்குறியீடும் அழுத்தக் குறியும் வேண்டும். 'ரெக்கோர்ட்' பெயர்ச்சொல்லானால் அழுத்தம் முதல் அசையில், வினையானால் இரண்டாவதில். அந்தச் சிறு கோடு இல்லாமல் இதைக் கண்ணால் கற்க வழியே இல்லை.

தடித்த அகராதியிலும் ஒரு குறை உண்டு. தமிழ்நாட்டில் அச்சாகி வருபவற்றில் கலைச்சொற்கள் அந்த ஊர் வழக்கில் இருக்கும். நம் பாடநூலில் ஒளித்தொகுப்பு, அங்கே ஒளிச்சேர்க்கை. நமக்கு ஆர்முடுகல், அவர்களுக்கு முடுக்கம். பொறியியலாளர் அங்கே பொறியாளர். விஞ்ஞான விடைத்தாளில் அகராதிச் சொல்லை எழுதவிடாமல், பாடநூல் சொல்லைப் பக்கத்திலேயே பென்சிலால் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.

கைபேசிச் செயலி வேண்டுமென்றால், இணையம் இல்லாமல் இயங்குவதா என்று முதலில் பாருங்கள். பள்ளத்தில் இருக்கும் லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சிக்னல் நிலையாகக் கிடைப்பதில்லை. பார்த்த சொல்லைச் சேமித்து வைக்கும் வசதியும் இருக்கட்டும்.

புத்தகம் கட்டப்பட்ட விதத்தையும் கவனியுங்கள். முதுகில் பசை மட்டும் பூசியது, மழைக்கால ஈரத்தில் நெகிழ்ந்து தாள் தாளாகக் கழன்றுவிடும். புத்தகத்தை நடுவில் விரித்தால் தைத்த நூல் தெரிய வேண்டும். ஈரச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பொலித்தீன் பைக்குள் இறுக்கிக் கட்டினால் உள்ளே தங்கும் ஈரத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். அட்டைக்கு மட்டும் உறை போட்டால் போதும்.