350 ரூபாய் கேன்வாஸ் ஷூவும் கோட்டை ஓட்டமும்: ஏழு மாதம் ஓடிப் பார்த்த பிறகு

தை மாதம் வாங்கிய ஒரே ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூவில்தான் இன்றுவரை ஓடுகிறேன். வேலூர் லாங் பஜார் பக்கம் ஒரு சின்னக் கடை, விலை 350 ரூபாய், பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியடுக்குப் போடுவோமே, அதேதான். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் உலகத்துக்கே தோல் ஷூ தைத்து அனுப்புகிற மாவட்டப் பக்கத்தில் இருந்துகொண்டு துணி ஷூவைப் புகழ்கிறேன், ஆனால் இது உண்மையாகவே நல்ல பொருள்.

அதற்கு முன்னால் ஒரு ஸ்மார்ட் வாட்ச் கட்டிக்கொண்டு ஓடினேன். நாடித்துடிப்பு, வேகம், தூரம் எல்லாம் காட்டும். ஒரு நாள் அதில் சார்ஜ் இல்லை என்பதற்காகவே ஓடாமல் திரும்பிப் படுத்துவிட்டேன். அன்றைக்கே கழற்றி வைத்துவிட்டேன், இன்னும் அலமாரியில்தான் கிடக்கிறது. தினமும் பத்தாயிரம் காலடி என்று வாட்ச் கேட்கிறதே, அந்த எண் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து வந்தது. மான்போ-கெய், அதாவது பத்தாயிரம் அடி அளவி. எந்த மருத்துவரும் நம் உடம்பைப் பார்த்துச் சொன்ன கணக்கு இல்லை.

சரி, ஷூவுக்கு வருவோம். அடிப்பாகம் மெல்லிய ரப்பர், குதிகாலில் மெத்தை எதுவும் கிடையாது. அதனால் குதிகாலை ஓங்கி வைத்தால் உடனே வலிக்கும், கால் தானாகவே அடியைச் சின்னதாக்கி நடுப்பாதத்தில் இறங்கக் கற்றுக்கொள்கிறது. கடைக்கார பாய் வாங்கும்போதே சொன்னார், "இதுல ஓடுறதா இருந்தா மொதல்ல கொஞ்சமா ஓடு தம்பி, கெண்டைக்கால் புடிச்சுக்கும்." நான் கேட்கவில்லை, முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாள் ஓட்டம், ஒரு நாள் நடை என்று மாற்றி மாற்றிப் போனதும் மூன்றாவது வாரத்தில் சரியாகிவிட்டது.

காலையில் ஊருக்குள் பாங்கு ஒலி கேட்கும்போது வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவேன். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோபுரத்திலிருந்து சர்ச் வரைக்கும் மெதுவாக, அங்கிருந்து திரும்பும்போது கொஞ்சம் வேகமாக, கோபுர உச்சியில் வெயில் படும்வரை இப்படியே. தூரம் எத்தனை கிலோமீட்டர் என்று நான் அளந்ததில்லை. கூட ஓடுகிறவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி, வார்த்தை வார்த்தையாக உடைந்தால் குறைத்துக்கொள்வேன். காதில் எதுவும் மாட்டாததால் கிளிச் சத்தம் கேட்கிறது, எதிரே வருகிற பெரியவர்களுக்கு வணக்கம் சொல்ல முடிகிறது, மழை பெய்த மறுநாள் அகழிப் பக்கமிருந்து வரும் பாசி வாசம் கூடத் தெரிகிறது. எனக்கு ஓட்டமே பிடித்துப்போனது இதனால்தான்.

குறைகளும் உண்டு. நாலாவது மாதம் பெருவிரல் பக்கம் பசை விட்டுப்போனது, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் உட்கார்ந்திருப்பவர் 40 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார், அந்தத் தையல் இன்னும் நிற்கிறது. மழையில் துணி நனைந்து கனத்துவிடும். சித்திரையில் எட்டு மணிக்கே தார் ரோட்டுச் சூடு உள்ளங்காலில் ஏறுகிறது, மண் தரையில் ஓடுவதுதான் நல்லது. தட்டைப் பாதம், குதிகால் வலி, சர்க்கரையால் காலில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள், இதில் தாங்கல் எதுவும் இல்லை.

1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தானை வெறுங்காலில் ஓடித் தங்கம் வாங்கினார், நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. நமக்கு அந்த வேகம் வேண்டாம், அந்த எளிமை போதும்.

வாங்கப் போகிறவர்கள் மாலையில் போங்கள், பகலெல்லாம் நடந்து கால் சற்று உப்பியிருக்கும். சாக்ஸோடு போட்டுப் பார்த்து விரல் நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை அழுக்காகும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை துவைத்து மொட்டை மாடியில் வைத்தால் நம்ம ஊர் வெயிலுக்கு மத்தியானமே காய்ந்துவிடும்.