பீக் டிசைன் டிராவல் ட்ரைபாட் (கார்பன்): மலை ஏரி வரை சுமக்கத் தகுமா?

முதுகுப்பையோடு நாள்கணக்கில் நடப்பவருக்கு 1.27 கிலோ என்பது ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். 2019இல் வெளியான இந்த ட்ரைபாடின், அதாவது கேமரா முக்காலியின், கார்பன் இழை வடிவம் அவ்வளவு எடை, அலுமினியம் 1.56 கிலோ. இடையில் 290 கிராம்தான், விலையில் இருக்கும் தூரமோ பெரிது. விடியற்காலைக் குளிரில் கையுறை இல்லாமல் பிடித்தால் கார்பன் கால் அலுமினியம்போலச் சில்லென்று விரலைக் கடிப்பதில்லை. கார்பனுக்கு இது ஒரு கூடுதல் காரணம், அவ்வளவே. காசு இடித்தால் அலுமினியமே போதும்.

மடித்தால் 39 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன். கால்கள் உருண்டைக் குழாய்களாக இல்லாமல் நடுத்தண்டை ஒட்டிப் படியும் வடிவில் இருப்பதால்தான் இந்தச் சிக்கனம். பையின் பக்கப் பாக்கெட்டில் தண்ணீர் பாட்டில் இருந்த இடத்தில் அப்படியே நுழைந்துவிடும். பாட்டிலுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். எடை ஒருபக்கம் இழுக்காமலிருக்க எதிர்ப்பக்கத்தில் வைப்பது நல்லது.

152 சென்டிமீட்டர் உயரம் என்று அட்டையில் போட்டிருப்பதை மறந்துவிடலாம். அது நடுத்தண்டை முழுக்க ஏற்றிய அளவு. ஏற்றாமல் 130. ஐந்து அடுக்குக் கால்களில் கடைசி அடுக்கு விரல் பருமன்கூட இல்லை. எல்லாவற்றையும் இழுத்து, தண்டையும் ஏற்றி, ஏரிக்காற்றில் நிறுத்தினால் நான்கு வினாடி எக்ஸ்போஷரில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) கூர்மை போய்விடும். நல்லவேளையாக ஏரிப் படத்துக்கு அந்த உயரம் வேண்டியதும் இல்லை. தண்ணீரைத் தாழ்ந்த கோணத்தில் பார்க்கும்போதுதான் பிரதிபலிப்பு அடர்த்தியாக விழும். நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் கரையோரத்தில் மலைக்குப் பதில் அடியிலுள்ள கூழாங்கல் தெரியும். ஆகவே மேலுள்ள தடித்த அடுக்கை மட்டும் இழுத்து முழங்கால் உயரத்தில் வைப்பதுதான் இந்த ட்ரைபாடின் சரியான நிலை. அங்கே அது பாறைபோல நிற்கிறது.

இன்னும் தாழ வேண்டுமென்றால் நடுத்தண்டைக் கழற்றி 14 சென்டிமீட்டர் வரை இறக்கலாம். இருட்டில், நனைந்த விரல்களால் அந்த வேலையைத் தொடங்காதீர்கள். முந்தின நாள் மாலையே கூடாரத்தில் மாற்றி வைத்துவிடுங்கள்.

கேமராவைத் தாங்கிப் பந்துபோல எந்தப் பக்கமும் சாயும் தலை (பால் ஹெட்) கச்சிதம். அந்தக் கச்சிதத்துக்குக் கொடுக்கும் விலை, வசதிக் குறைவு. தலை கால்களுக்கு நடுவே புதைந்து கிடப்பதால் தண்டைச் சில சென்டிமீட்டர் உயர்த்தினால்தான் தாராளமாகச் சாயும். கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப இன்னும் கொஞ்சம். பந்தை இறுக்கும் வளையமும் கேமராவின் அடியில் திருகும் பிளேட்டைப் பூட்டும் வளையமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. கையுறையோடு தடவும்போது எது எதுவென்று குழம்பும். கேமராவை ஏற்றியதும் ஒருமுறை மேல்நோக்கி இழுத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுங்கள். பக்கவாட்டில் மட்டும் சுழலும் தனிப் பூட்டு கிடையாது. ஏரியின் அகலத்துக்குப் பல படங்களை ஒட்டிப் பனோரமா எடுப்பதே முக்கியம் என்பவர்களுக்கு இது ஏற்ற தலை இல்லை.

தாங்கும் எடை 9.1 கிலோ என்கிறார்கள். கேமராவின் எடை பிரச்சினையே இல்லை, அதிர்வுதான் பிரச்சினை. காற்றில் படபடக்கும் ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். இரண்டு வினாடி டைமருக்குப் பதில் ஐந்து அல்லது பத்து வினாடி வையுங்கள். ஷட்டரை அழுத்திய நடுக்கம் மெல்லிய கால்களில் அடங்கச் சற்று நேரம் பிடிக்கும். நடுத்தண்டின் அடியிலுள்ள கொக்கியில் பையை மாட்டினால் அந்தரத்தில் தொங்கவிடாதீர்கள், ஊசலாடி நிலைமையை மோசமாக்கும். பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

சுமந்ததற்குப் பலன் கிடைப்பது சூரியன் எழுவதற்கு முந்தைய அரைமணி. சரிவுகள் வெயிலில் சூடேறிக் காற்று கிளம்பும் முன் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப் 11 என்றால் எக்ஸ்போஷர் பல வினாடிக்குப் போகும்; கையில் பிடித்து எடுக்க வழியே இல்லை. பளபளப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டர் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதியாகக் குறைவது) வெளிச்சத்தைத் தின்னும், நான்கு வினாடி பதினாறு ஆகலாம். மலையின் பிம்பம் வேண்டுமென்றால் அதைக் கழற்றிவிடுங்கள். அடிக்கற்கள் தெரிய வேண்டுமென்றால் நீர்மட்டத்துக்குச் சுமார் 37 பாகைக் கோணத்தில் பார்த்தபடி ஃபில்டரைத் திருப்புங்கள். பளபளப்பு அதிகம் அடங்குவது அங்கேதான். நடுப்பகலில் படமெடுத்துவிட்டு இறங்கிவிடுபவர் இந்த ட்ரைபாடை வீட்டிலேயே வைத்துவிடலாம்.

கூடவே வரும் ரப்பர் பாதங்கள் பாறைக்கு நன்று, ஈரப்புல்லிலும் சேற்றிலும் மெதுவாக இறங்கும். கூர்முனைப் பாதங்களைத் தனியே வாங்க வேண்டும். ரப்பரோடு போனால் ஒவ்வொரு பாதத்துக்கும் அடியில் தட்டைக்கல் ஒன்றை அழுத்தி வையுங்கள்.

தண்ணீருக்குள் நிறுத்தும்போது மட்டும் முறையைத் தலைகீழாக்குங்கள்: கடைசி மெல்லிய அடுக்கை முதலில் முழுக்க இழுங்கள். 20 சென்டிமீட்டர் ஆழம் வரை லீவர் பூட்டுகள் நீருக்கு மேலேயே நிற்கும், மணல் உள்ளே போகாது. அந்த அடுக்கை நனைந்தபடியே மடிக்கக் கூடாது. மடித்தால் மண்ணும் ஈரமும் மேல் குழாய்க்குள் ஏறி, அடுத்தமுறை இழுக்கும்போது நறநறவென்று சத்தம் வரும். துணியால் துடைத்து, பூட்டுகளைத் திறந்தபடி காயவிட்டுப் பிறகு மடியுங்கள். பிளேட்டை இறுக்கும் ஆலன் கீ (அறுகோணத் திருகுசாவி) காலிலேயே மாட்டியிருக்கும்; பையைக் கட்டுமுன் அது அங்கேதான் இருக்கிறதா என்று பாருங்கள்.